தீர்ப்புக்குப் பின் எத்தனை நாள்?

1775-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் தேதி, கல்கத்தா நகரில், மகாராஜா நந்தகுமார் குற்றவாளியென ஜூரர்கள் முடிவு கூறினார்கள். பல ஆண்டுகளுக்கு முன் பொய்ப் பத்திரம் ஒன்றை உண்டாக்கினார் என்பது அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம். இங்கிலாந்தில் அக்காலத்தில் அதற்கு மரணமே தண்டனை. அந்த ஆங்கிலச் சட்டமே வங்காளத்துப் பெருங்குடி ஒருவரின் கழுத்திலும் வந்து விழுந்தது. சில மாதங்களுக்கு முன்னர்தான் அவர், கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் பெற்றார் என்று ஆலோசனைச் சபையில் புகார் செய்திருந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா, இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வருகிறார்கள். அந்த வாதத்துக்குள் நாம் இப்போது புக வேண்டியதில்லை. நாம் கவனிக்க வேண்டியது, தீர்ப்புக்குப் பின் நடந்ததை.

கல்கத்தாவில் அப்போது புதிதாக நிறுவப்பட்டிருந்த சுப்ரீம் கோர்ட்டுக்கு அரச சாசனம் ஓர் அதிகாரத்தை வழங்கியிருந்தது. கிரிமினல் வழக்குகளில், இங்கிலாந்து மன்னருக்கு அப்பீல் செய்துகொள்ள நீதிபதிகள் விரும்பினால் அனுமதி தரலாம். தண்டனையை நிறுத்திவைத்து மன்னரின் கருணையையும் வேண்டலாம். நந்தகுமார் அனுமதி கேட்டார். எலைஜா இம்பேயைத் தலைவராகக் கொண்ட அந்த நீதிபதிகள் மறுத்தார்கள். ஜூரர்கள் முடிவு கூறிய ஐம்பதாம் நாள், ஆகஸ்டு 5-ஆம் தேதி, அவர் தூக்கிலிடப்பட்டார். லண்டனுக்குக் கப்பல் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும் காலம் அது. 1788-ல் இம்பேயின்மீது பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் குற்றச்சாட்டுக் கொண்டுவர முயன்றபோது காமன்ஸ் சபை அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும் நந்தகுமாருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தண்டனை பெற்றவன், "இன்னொரு முறை பாருங்கள்" என்று கேட்க எத்தனை நாள் உண்டு? கேட்டால், பார்க்க வேண்டிய கடமை யாருக்கேனும் உண்டா? நம் நாட்டுக் கிரிமினல் சட்டத்தின் வரலாற்றில் இவ்விரு கேள்விகளுக்கும் விடை காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. மாறிய விதம் நாம் எதிர்பார்க்கக்கூடிய விதமாக இல்லை.

1861-ல் முதலாவது குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தது. மறு ஆண்டில் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் ஹைகோர்ட்டுகள் தோன்றின. அப்பீல் என்பது நீதிபதியின் தயவாக இருந்த நிலை மாறி, சட்டம் தரும் உரிமையாயிற்று. உரிமையோடு கெடுவும் சேர்ந்தே வந்தது. 1908-ஆம் ஆண்டின் கால வரம்புச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். சாதாரணத் தண்டனைக்கு எதிராக ஹைகோர்ட்டுக்கு அப்பீல் செய்ய 60 நாள். கீழ்க் கோர்ட்டு ஒன்றிலிருந்து ஹைகோர்ட்டு அல்லாத மற்றொரு கோர்ட்டுக்குப் போக 30 நாள். செஷன்ஸ் நீதிபதி விதித்த மரண தண்டனைக்கு எதிராக அப்பீல் செய்யவோ ஏழே நாள். அதே அட்டவணையில், ஒருவன் விடுதலை செய்யப்பட்டதை எதிர்த்து அரசாங்கம் அப்பீல் செய்வதற்கு ஆறு மாதம் இருந்தது. உயிரைக் காத்துக்கொள்ள வேண்டியவனுக்கு ஒரு வாரம். காகிதம், பேனா, வக்கீல், குமாஸ்தா எல்லாம் கைவசமுள்ள சர்க்காருக்கு அரை ஆண்டு.

இதற்கு ஒரு சமாதானம் உண்டு. அதையும் சொல்லிவிடுவதே நியாயம். செஷன்ஸ் நீதிபதி விதிக்கும் மரண தண்டனை ஹைகோர்ட்டு உறுதி செய்தாலன்றி நிறைவேறாது. கைதி கேட்டாலும் கேட்காவிட்டாலும் வழக்குக் கட்டு முழுவதும் தானாகவே மேலே போகும். அப்படிப் போகும்போது கைதியின் அப்பீலும் உடன் இருந்தால் இரண்டையும் சேர்த்து விசாரிக்கலாம் என்பதே அந்த ஏழு நாளின் கருத்து. தீர்ப்பின் நகலைப் பெறுவதற்கு ஆகும் நாட்களும் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டன. இருப்பினும், தூக்குத் தண்டனை என்ற சொல்லைக் கேட்டுவிட்டு அறைக்குத் திரும்பியவனுக்கு முதல் ஏழு நாள் எப்படிப் போகும் என்பதைச் சட்டம் வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இங்கிலாந்தின் கதையும் இதைவிட மேலானதன்று. அடால்ஃப் பெக் என்ற ஒரே மனிதர், வேறொருவன் செய்த மோசடிகளுக்காக ஆள் மாறாட்டத்தால் 1896-லும் 1904-லும் இருமுறை குற்றவாளியென்று தீர்க்கப்பட்டார். அந்த அநியாயம் வெளியான பிறகு, 1907-ல்தான் அங்கே கிரிமினல் அப்பீல் கோர்ட்டுக்கான சட்டம் பிறந்தது. பத்து நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். காரணம் இருந்தால் கோர்ட்டு அந்தக் கெடுவை நீட்டலாம். மரண தண்டனையானால் மட்டும் நீட்டலாகாது என்று அச்சட்டம் கூறியது.

சென்னை நகரவாசிகள் பலரும் மறந்துவிட்ட செய்தி ஒன்று இங்கே சொல்லத்தக்கது. செங்கற்பட்டிலோ தஞ்சாவூரிலோ கொலைக் குற்றம் சாட்டப்பட்டவன் செஷன்ஸ் நீதிபதியின் முன் நிற்பான். தோற்றால் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் செய்வான். ஜார்ஜ் டவுனிலோ வேப்பேரியிலோ குற்றம் நடந்திருந்தால் வழக்கு நேரே ஹைகோர்ட்டிலேயே ஜூரர்களின் முன் நடக்கும். அங்கே தோற்றவனுக்குச் சாட்சியங்களை மீண்டும் எடைபோடச் சொல்லும் அப்பீல் கிடையாது. சட்டப் பிரச்சினை ஒன்றை நீதிபதி தாமே ஒதுக்கி வைத்தாலோ, அட்வகேட் ஜெனரல் சான்று கொடுத்தாலோ அந்த அளவுக்குப் பரிசீலனை உண்டு. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இதே நிலைதான். பெருநகரத்தில் வசித்த குற்றத்துக்காகக் குறைந்த உரிமை! 1943-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வந்த பின்னரே, இவ்வழக்குகளிலும் கோர்ட்டின் அனுமதியோடு உண்மை விவரங்களைப் பற்றி அப்பீல் செய்ய வழி பிறந்தது.

அந்த வழி பிறந்த சிறிது காலத்துக்குள் அதைத் தேடி வந்தவர்களைத் தமிழர் அனைவரும் அறிவர். 1944-ஆம் ஆண்டு நவம்பரில், "ஹரிதாஸ்" படம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் சென்னையில் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதத்தில் ஹைகோர்ட்டில் ஜூரர்களின் பெரும்பான்மை முடிவின்படி இருவருக்கும் தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்டது. புதிய சட்டத்தின் கீழ் அதே ஹைகோர்ட்டுக்கு அப்பீல் செய்தார்கள்; தள்ளப்பட்டது. லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போனார்கள். பிரிவி கவுன்சில் தன்னைக் கிரிமினல் அப்பீல் கோர்ட்டாக ஒருநாளும் கருதியதில்லை. மிக அரிதாகவே தலையிடும். இவ்வழக்கில் தலையிட்டு, அப்பீலை மறுபடியும் விசாரிக்கும்படி சென்னைக்குத் திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் ஹைகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தன. இதே வழக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்திருந்தால், சாட்சியங்களை எடைபோடச் சொல்லும் அப்பீலுக்கே சென்னையில் கதவு இருந்திராது. கலைவாணரின் பிற்காலப் படங்களில் எவையெல்லாம் நமக்குக் கிடைத்திராமற் போயிருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கெடு ஒரு புறமிருக்க, மறுபுறம் ஒரு பூட்டும் உண்டு. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 369-ஆம் பிரிவு அது. தீர்ப்பில் கையெழுத்திட்ட பிறகு, எழுத்துப் பிழையைத் திருத்துவது தவிர வேறு எந்த மாற்றத்தையும் அந்தக் கோர்ட்டு செய்யலாகாது. மறு ஆய்வும் செய்யலாகாது. தொடக்கத்தில் ஹைகோர்ட்டுக்கு விலக்கு அளித்த இப்பிரிவு, 1923-ல் திருத்தப்பட்டு ஹைகோர்ட்டையும் தழுவிக்கொண்டது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 362-ஆம் பிரிவாயிற்று. 2023-ஆம் ஆண்டு நிறைவேறி 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இது இடம் பெற்றிருக்கிறது. சிவில் வழக்கில் புதிய ஆதாரம் கிடைத்தது என்று அதே நீதிபதியிடம் மறு ஆய்வு கேட்கலாம். கிரிமினல் வழக்கில் ஹைகோர்ட்டு வரையில் அதற்கு இடமில்லை. நிலத்தைப் பற்றிய தவற்றைத் திருத்திக்கொள்ளலாம், ஆளைப் பற்றிய தவற்றைத் திருத்திக்கொள்ளக் கூடாது என்பது போலத் தோன்றும்.

இப்பூட்டைக் கொடுமை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்திட்ட தீர்ப்பை மாற்றலாம் என்ற நிலை இருந்தால், நீதிபதியின் வீட்டுக் கதவைத் தட்டுபவர்கள் ஏழைக் கைதிகளாக இருக்க மாட்டார்கள். செல்வமும் செல்வாக்கும் உடையவர்கள் மனுவின்மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். விடுதலையானவன்கூட நிம்மதியாக உறங்க முடியாது. முடிவு என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த முடிவு வருவதற்குள் கேட்க வேண்டியவை கேட்கப்பட்டனவா என்பதே கேள்வி. பூட்டு வலுவாக இருக்கும் வீட்டில் பூட்டுவதற்கு முன் அறைகளை நன்றாகப் பார்க்க வேண்டும் அல்லவா?

1963-ஆம் ஆண்டின் கால வரம்புச் சட்டத்தில் அந்த ஏழு நாளைக் காணோம். மரண தண்டனைக்கு எதிரான அப்பீலுக்கு 30 நாள். ஹைகோர்ட்டுக்குச் செல்லும் மற்ற அப்பீல்களுக்கு 60 நாள். ஏனைய கோர்ட்டுகளுக்கு 30 நாள். அரசாங்கத்தின் ஆறு மாதமும் 90 நாளாகக் குறைந்துவிட்டது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்ற ஐந்தாம் பிரிவும் இருக்கிறது. காகிதத்தில் கணக்கு ஏறத்தாழச் சரியாகிவிட்டது.

காகிதம் கைக்கு வந்தால்தானே? 1978-ல் சுப்ரீம் கோர்ட்டின் முன் ஹோஸ்காட் என்பவரின் வழக்கு வந்தது. அவர் படித்தவர், டாக்டர் பட்டம் பெற்றவர், பல்கலைக்கழக ஆசிரியர். பல்கலைக்கழகத்தின் பெயரால் போலிப் பட்டங்கள் தயாரிக்க முயன்றதாகக் குற்றம். செஷன்ஸ் கோர்ட்டு பெயரளவில் விதித்த தண்டனையைப் பம்பாய் ஹைகோர்ட்டு 1973 நவம்பரில் மூன்று ஆண்டுக் கடுங்காவலாக உயர்த்தியது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது நான்கு ஆண்டுகளுக்கு மேல் தாமதமாகியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, தீர்ப்பின் நகலே தமக்குக் கிடைக்கவில்லை என்றார். நகல் சிறைக்கு அனுப்பப்பட்டிருந்தது. ஆனால் அது கைதியின் கையில் சேர்ந்ததற்கு அவர் கையொப்பமிட்ட ரசீது எதுவும் இல்லை. நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அவருடைய மனுவை ஏற்கவில்லை. குற்றம் மெய்யென்றே கண்டார். ஆயினும் அந்தத் தள்ளுபடித் தீர்ப்பிலேயே, இனிமேல் வரும் கைதிகளுக்கான விதியை எழுதினார். சிறைத் தண்டனை விதிக்கும் தீர்ப்பின் நகலை இலவசமாகவும் உரிய காலத்திலும் கொடுக்க வேண்டும். சிறை அதிகாரி அதைக் கைதியிடம் சேர்த்து எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள இயலாதவனுக்கு, வழக்கின் தன்மையும் தண்டனையின் கடுமையும் வேண்டுமானால், அரசு செலவில் வக்கீல் அமர்த்த வேண்டும். தோற்ற மனுதாரர் ஒருவரின் பெயர் இன்று கைதிகளின் உரிமைப் பத்திரமாக விளங்குகிறது.

டாக்டர் பட்டம் பெற்றவருக்கே இந்தக் கதி என்றால், தாம் வேலை செய்யும் ஊரின் மொழி தெரியாதவர்களை நினைத்துப் பாருங்கள். பம்பாய்த் தாராவியிலும், டில்லியின் கட்டட வேலைத் தலங்களிலும், ஜாம்ஷெட்பூரிலும், சூரத்திலும் தமிழர் இருக்கிறார்கள். அங்குள்ள கீழ்க் கோர்ட்டுகளின் மொழி அந்தந்த மாநில அரசு வகுத்தது. மராத்தியாகவோ ஹிந்தியாகவோ குஜராத்தியாகவோ இருக்கும். மேலே ஆங்கிலம். சாட்சியம் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சொல்லப்பட்டால், திறந்த கோர்ட்டில் அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் நெடுங்காலமாகவே விதித்திருக்கிறது. தீர்ப்பைப் பற்றியும் ஒரு விதி உண்டு. தண்டனை பெற்றவர் விண்ணப்பித்தால், தீர்ப்பின் நகலையோ, அவர் விரும்பினால் அவருடைய சொந்த மொழியில் மொழிபெயர்ப்பையோ தாமதமின்றித் தர வேண்டும். அப்பீலுக்கு உரிய வழக்கானால் இலவசமாகவே தர வேண்டும். 1898-லும் இருந்தது, 1973-லும் இருந்தது, இன்றைய சன்ஹிதாவிலும் இருக்கிறது. ஆனால் அவ்வாக்கியத்தில், சொந்த மொழியில் என்பதோடு, "இயலுமாயின்" என்ற ஒரு சொல்லும் மூன்று சட்டங்களிலும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என்னைப் போன்றவனுக்கு இச்சொல்லின் மேல் கண் போகாமல் இராது. நாக்பூரில் ஒரு தீர்ப்பைத் தமிழாக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் இயலவில்லை என்று எழுதிவிடலாம். தமிழ்நாட்டில் ஒடியாவும் வங்காளியும் பேசி வேலை செய்ய வந்திருப்பவர்களுக்கும் இதே சொல்தான் குறுக்கே நிற்கிறது. 2019 முதல் சுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்புகள் சிலவற்றை இந்திய மொழிகளில் வெளியிடத் தொடங்கியது நல்லதே. எனினும் செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனை பெற்ற தொழிலாளிக்கு வேண்டியது அதுவன்று. தன்னைப் பற்றி எழுதிய அந்த இருபது பக்கம்.

விண்ணப்பித்தால்தான் மொழிபெயர்ப்பு கிடைக்கும் என்பதை மறக்கக் கூடாது. மற்றொன்றும் தெரிந்திருக்க வேண்டியது: சிறையிலிருப்பவர் அப்பீல் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம், அதை உரிய கோர்ட்டுக்கு அனுப்புவது அவர் கடமை. காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவிக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை அளிக்கிறது.

இனி, ஹைகோர்ட்டுக்கு மேலே. அரசியல் சட்டத்தின் 137-ஆம் ஷரத்து, சுப்ரீம் கோர்ட்டுக்கு மட்டும் தன் தீர்ப்பைத் தானே சீராய்வு செய்யும் அதிகாரத்தைக் கொடுத்தது. 1966-ஆம் ஆண்டு விதிகள் கிரிமினல் வழக்குகளில் அதை ஒரு சிறு சந்தாக்கின: 30 நாளுக்குள் மனு, ஆவணத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும் பிழை ஒன்றே காரணம். பின்னர் வந்த திருத்தத்தால் வாய்மொழி வாதமும் போயிற்று. நீதிபதிகள் தம் அறைகளில் மனுவைச் சுற்றுக்கு விட்டுப் படித்து முடிவு செய்வார்கள். இம்முறை செல்லும் என்று 1980-ல் ஈசுவர ஐயர் வழக்கில் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. அதை எழுதியவரும் கிருஷ்ண ஐயரே. மரண தண்டனை மனுவும் இந்தச் சுற்றிலேயே போய் வந்தது.

2014 செப்டம்பர் 2-ஆம் தேதி ஐவர் அமர்வு நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் இதை மாற்றியது. மரண தண்டனை வழக்குகளில் சீராய்வு மனுவைத் திறந்த கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் வாய்மொழி வாதம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். வாதத்துக்கு அரை மணி நேரம் போதும் என்றும் கூறியது. இந்த அரை மணியைக் கேட்டு வந்தவர், 2000-ஆம் ஆண்டுச் செங்கோட்டைத் தாக்குதல் வழக்கில் தண்டனை பெற்ற முகமது ஆரிஃப். அவருடைய இறுதித் தீர்வு மனுவும் முன்பே தள்ளுபடியாகிவிட்டதால், கதவைத் திறந்த தீர்ப்பே அவரை வெளியில் நிறுத்தியது! 2016-ல் அவருக்கும் வாய்ப்பளிக்கப்பட்டது. 2022 நவம்பரில் அவர் சீராய்வு மனு தள்ளப்பட்டது.

மற்றவர்களுக்கு அந்த அரை மணி என்ன செய்தது? மகாராஷ்டிரத்தில் நாசிக் அருகே 2003-ல் நடந்த கொலை வழக்கொன்றில் ஆறு பேர் பிடிபட்டனர். நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஏழைகள். ஹைகோர்ட்டு மூவருக்கு மரண தண்டனையும் மூவருக்கு ஆயுள் தண்டனையும் என்றது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு ஆறு பேருக்கும் தூக்கு என்றது. 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் அவர்களுடைய சீராய்வு மனுக்கள் மீண்டும் எடுக்கப்பட்டன. 2019 மார்ச்சு 5-ஆம் தேதி, அதே சுப்ரீம் கோர்ட்டு, அறுவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்து, ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. 30 நாள் கெடு, பிழை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற விதி, அறைக்குள் சுற்றும் மனு ஆகியவற்றோடு காரியம் முடிந்திருந்தால், இன்று திருத்துவதற்கு ஆளே இருந்திருக்க மாட்டார்கள்.

கோர்ட்டுகள் முடிந்த பின் எஞ்சுவது கருணை மனு. நெடுங்காலமாக இதற்குச் சட்டத்தில் கெடு எழுதப்படாமல், சிறை விதிகளிலும் அரசாங்க ஆணைகளிலும் மட்டுமே இருந்தது. 2023-ஆம் ஆண்டுச் சன்ஹிதாவின் 472-ஆம் பிரிவு அதையும் எண்ணி வைத்துவிட்டது. முதலில் கவர்னருக்கு 30 நாளுக்குள். அவர் மறுத்தால் அந்நாளிலிருந்து 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. குடியரசுத் தலைவர் எத்தனை நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. கைதியின் 30 நாளோ, சுப்ரீம் கோர்ட்டு அவருடைய மனுவைத் தள்ளிய செய்தியைச் சிறைக் கண்காணிப்பாளர் அவரிடம் சொல்லும் நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை.